ஆறு பேர் அறையில் மெஸ் நடத்துவது எப்படி: துபாய், ஷார்ஜாவில் சாப்பாட்டுச் செலவைக் கட்டுக்குள் வைக்க

அமீரகத்தில் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வேலை பார்ப்பவர்களிடம் சாப்பாட்டுச் செலவைப் பற்றிக் கேட்டால், எந்தக் கடையில் அரிசி மலிவு என்றுதான் பேச்சு தொடங்கும். கடைக்குக் கடை விலை மாறுவது உண்மைதான். ஆனால் அதில் மிச்சமாவது மாதத்துக்கு ஓர் ஆளுக்குச் சில திர்ஹாம்களே. பெரிய பணம் வேறு மூன்று வழிகளில் போகிறது. யார் எத்தனை வேளை சாப்பிட்டார் என்று எழுதாத மெஸ் (அறையில் சேர்ந்து சமைத்துச் செலவைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு) ஒன்று. சைட்டில் கெட்டுப்போய்க் கொட்டப்படும் மதியச் சாப்பாடும் அதற்குப் பதில் வெளியே வாங்குவதும் இன்னொன்று. மூன்றாவது, கஃபெட்டேரியா டீயும் குளிர்பானமும். இந்த மூன்றையும் அடைத்த பிறகு ஆஃபர் நோட்டீஸைப் புரட்டினால் போதும்.

முதலில் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது

ஆஃபர் லெட்டரில் சாப்பாடு கம்பெனி தருவதாக இருக்கிறதா, உணவுப்படி தருவதாக இருக்கிறதா, இரண்டுமே இல்லையா என்று கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள். "சாப்பாடு பார்த்துக்கலாம்" என்று ஏஜென்ட் வாயால் சொல்வது கணக்கில் வராது. உணவுப்படி என்றால் அது அடிப்படைச் சம்பளத்துக்கு மேலே வருகிறதா, அதைக் குறைத்துத் தருகிறார்களா என்பதும் முக்கியம். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். முதல் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 1,300 திர்ஹாம் முழுவதும் அடிப்படை என்றால் ஆண்டுக்கு 910 சேரும். அதையே 1,000 அடிப்படை, 300 உணவுப்படி என்று பிரித்தால் 700தான். கையில் வாங்குவது ஒன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு 210 திர்ஹாம் குறைகிறது.

கேம்பில் (கம்பெனியின் தொழிலாளர் குடியிருப்பில்) தங்க வைத்தால் பொதுச் சமையலறை உண்டா என்று கேளுங்கள். பல கேம்புகளில் அறைக்குள் அடுப்பு வைக்கக் கூடாது. ஹாட் பிளேட்டைப் பிடித்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நெருக்கடியான அறையில் அது தீ விபத்துக்கு வழி என்பதால் அந்த விதியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

சமைப்பதா, மாத மெஸ் வாங்குவதா

நான்கு பேருக்கு மேல் சேர்ந்து, அதில் இரண்டு பேருக்காவது சமைக்கத் தெரிந்தால் அறையில் சமைப்பதுதான் லாபம். ஆள் இரண்டு அல்லது மூன்றாக இருந்து, எல்லோருக்கும் 12 மணி நேர டியூட்டி என்றால் ஹோட்டலிலோ கேட்டரிங்கிலோ மாத மெஸ் வாங்குவதே மேல். காரணம், களைத்து வரும் நாளில் சமைக்காமல் வெளியே சாப்பிடுவார்கள், வாங்கி வைத்த காய் ஃபிரிட்ஜில் அழுகும், இரண்டு செலவும் சேர்ந்து வரும். மாத மெஸ் எடுத்தால் உரிமம் உள்ள இடமாகப் பாருங்கள். லீவு நாளுக்குப் பணம் கழிப்பார்களா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

கணக்கு நோட்டு: மெஸ்ஸின் உயிர் இதில்தான்

மாதக் கடைசியில் மொத்தச் செலவை ஆள் எண்ணிக்கையால் வகுப்பதுதான் வழக்கமாக நடப்பது. மெஸ் உடைவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். கம்பெனியில் மதியச் சாப்பாடு கிடைப்பவரும், மூன்று வேளையும் அறையில் சாப்பிடுபவரும் ஒரே தொகை கொடுத்தால் இரண்டாவது மாதமே முகம் மாறும். அதனால் ஆள் கணக்கை விட்டு வேளைக் கணக்குக்கு மாறுங்கள்.

காலை உணவுக்கு அரைப் பங்கு, மதியத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. ஒரு நாளுக்கு இரண்டரை, 30 நாளுக்கு 75 பங்கு. ஏ4 தாளில் இடப்பக்கம் தேதிகளை எழுதி, மேலே ஆறு பேர் பெயரையும் ஒவ்வொரு பெயருக்கும் கீழே மூன்று சிறு கட்டங்களையும் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். சாப்பிடும் வேளைக்குக் குறி போட வேண்டாம். சாப்பாடு வேண்டாத வேளைக்கு மட்டும் முந்தைய நாள் இரவு 9 மணிக்குள் ஒரு பெருக்கல் குறி. அதற்குப் பிறகு சொன்னால் பங்கு விழும், ஏனென்றால் அரிசி அளந்தாயிற்று. இந்த ஒரு விதியை யாருக்காகவும் தளர்த்தாதீர்கள்.

செலவை இரண்டாகப் பிரியுங்கள். கேஸ், குடிதண்ணீர், உப்பு, மசாலா, பாத்திரம் கழுவும் சோப்பு, குப்பைப் பை எல்லாம் பொதுச் செலவு. அது ஆளுக்குச் சமம். அரிசி, பருப்பு, எண்ணெய், காய், முட்டை, பால் எல்லாம் பங்குச் செலவு.

ஓர் உதாரணம். ஆறு பேருக்கு மாதச் செலவு 1,680 திர்ஹாம் என்று வைப்போம். அதில் பொதுச் செலவு 240, ஆளுக்கு 40. மீதி 1,440. நான்கு பேர் எல்லா வேளையும் சாப்பிட்டார்கள், 300 பங்கு. கம்பெனியில் மதியம் சாப்பிடும் ஐந்தாமவருக்கு 45. விடுமுறை நாள்களில் உறவினர் வீட்டுக்குப் போய்வரும் ஆறாமவருக்கு 55. மொத்தம் 400 பங்கு. 1,440ஐ 400ஆல் வகுத்தால் ஒரு பங்கு 3 திர்ஹாம் 60 ஃபில்ஸ். முழுதாகச் சாப்பிட்டவர் 270, பொதுச் செலவு 40, ஆக 310 தர வேண்டும். ஐந்தாமவர் 202, ஆறாமவர் 238. கூட்டினால் சரியாக 1,680. ஆறால் வகுத்திருந்தால் ஆளுக்கு 280. ஐந்தாமவர் மாதம் 78 திர்ஹாம் அடுத்தவர் சாப்பாட்டுக்குக் கொடுத்திருப்பார்.

இந்தப் பங்கு விலையை மாதாமாதம் எழுதி வையுங்கள். மொத்தச் செலவு ஏறுவது ஆள் கூடியதாலும் இருக்கலாம். பங்கு விலை ஏறினால்தான் ஏதோ வீணாகிறது அல்லது விலை கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

கோழி, மீன், ஆட்டுக்கறி பில்லைத் தனி உறையில் போட்டு, சாப்பிடுபவர்களுக்குள் மட்டும் பிரியுங்கள். சைவம் சாப்பிடுபவர் ஒருவர் இருந்தாலே இது தேவை. விடுமுறை நாள் பிரியாணியும் தனிக் கணக்கு. விருந்தாளி வந்தால் அந்தப் பங்கு அழைத்து வந்தவருக்கு. ஊருக்கு லீவில் போனவருக்குப் பங்கு கிடையாது, பொதுச் செலவில் பாதி மட்டும் என்று வைத்துக்கொள்வது நியாயமாக இருக்கும். அவர் போகும் முன்பே இதைப் பேசி முடிக்க வேண்டும்.

சம்பளம் கணக்கில் ஏறிய அன்றே ஆளுக்கு 200 திர்ஹாம் முன்பணம் வாங்கி, அந்த மாதப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பொறுப்பு மாதம் ஒருவருக்கு. கைக்காசு போட்டு வாங்குவதும், கணக்கைப் பிறகு சொல்வதும் ஆகவே ஆகாது. ஒவ்வொரு பில்லையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் அன்றே போட வேண்டும். ஷாம்பு, ஜூஸ் போன்ற சொந்தப் பொருளை அதே பில்லில் போட்டுவிட்டுக் கழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதில்தான் சண்டை வருகிறது. கவுன்டரிலேயே இரண்டு பில்லாகப் போடச் சொல்லுங்கள். சமைக்கத் தெரியாதவருக்குக் காய் நறுக்குவதும், பாத்திரமும், குப்பையும். "நான் காசு கொடுக்கிறேனே" என்பவரை மெஸ்ஸில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

எவ்வளவு வாங்குவது

உடலுழைப்பு வேலை பார்ப்பவருக்கு மதியம் 200 கிராம் அரிசி, இரவு 150 கிராம். ஆறு பேருக்கு 30 நாள் மதியத்துக்கு 36 கிலோ. இரவில் பாதி நாள் சோறு, மீதி நாள் சப்பாத்தியோ குப்பூஸோ (அரபு ரொட்டி) என்றால் இன்னும் 13.5 கிலோ. ஆக 50 கிலோ: 20 கிலோ மூட்டை இரண்டு, 10 கிலோ ஒன்று. கண் அளவில் போடாமல் ஒரு டம்ளரை எடைபோட்டு, 200 கிராம் மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு அரிசி டின்னுக்குள்ளேயே வையுங்கள். முறைக்கு ஓர் ஆள் சமைக்கும் அறையில் மிஞ்சும் சோற்றைக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை.

பருப்பு ஆளுக்கு ஒரு வேளைக்கு 35 கிராம். மாதத்தில் 20 வேளை சாம்பாரோ பருப்போ என்றால் ஆறு பேருக்கு நாலேகால் கிலோ. எண்ணெய் ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லி, மாதம் ஐந்தரை லிட்டருக்குள். வெங்காயம் ஒரு நாளைக்கு அரைக் கிலோ. முட்டை ஆளுக்கு ஒன்று வீதம் 180, அதாவது 30 முட்டை தட்டு ஆறு. கறியைக் குறைக்க நினைப்பவர்கள் முட்டையைக் குறைக்காதீர்கள். வெயிலில் உழைக்கும் உடம்புக்கு மலிவாகப் புரதம் கிடைப்பது முட்டையிலும் பருப்பிலும் சாளை மீனிலும்தான்.

லூலு, நெஸ்டோ, கேரஃபோர், விவா போன்ற கடைகளில் அரிசி, எண்ணெய், உறைந்த கோழி ஆகியவற்றுக்கு ஆஃபர் மாறி மாறி வரும். ரமலானுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் நிறைய வரும். பொட்டலத்தின் விலையைப் பார்க்காமல் கிலோவுக்கு எவ்வளவு என்று போனில் வகுத்துப் பாருங்கள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது. அலமாரியில் போட்டிருக்கும் விலையில் 5 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி) சேர்ந்தே இருக்கும். எண்ணெய், முட்டை, பால் பொருள், அரிசி, சர்க்கரை, கோழி, பயறு வகை, ரொட்டி, கோதுமை ஆகிய ஒன்பதின் விலையை முன் அனுமதி இல்லாமல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரி 2 முதல் விதி இருக்கிறது. திடீரென்று ஏறியிருந்தால் பில்லோடு பொருளாதார, சுற்றுலா அமைச்சகத்தில் புகார் செய்யலாம்.

அரிசியும் வெங்காயமும் இந்திய ஏற்றுமதித் தடையோடு கட்டுண்டவை. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கு இந்தியா தடை போட்டது, 2024 செப்டம்பரில்தான் நீக்கியது. வெங்காயத் தடை 2023 டிசம்பர் முதல் 2024 மே வரை இருந்தது. அப்படிச் செய்தி வந்தால் ஒரு மூட்டை அரிசி கூடுதலாக வாங்கி வைக்கலாம். மூன்று நான்கு மூட்டை அடுக்க வேண்டாம். கோடையில் ஏசி நிறுத்திய அறையில் சீக்கிரம் வண்டு விழும். வெங்காயத்துக்கு வேறு நாட்டுச் சரக்கு வரும். ருசி கொஞ்சம் மாறும், குழம்புக்குத் தாராளமாக ஆகும்.

காய்கறியில் செலவைக் கூட்டுவது ஊர்க் காய் ஆசை. முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கொத்தவரை போன்றவை விமானத்தில் வருவதால் விலை அப்படி. முட்டைக்கோஸ், கேரட், உருளை, பூசணி, ஓமானிலிருந்து வரும் கத்தரி, வெள்ளரி ஆகியவற்றை வைத்தே மாதத்தை ஓட்டலாம். கூசா என்று வெளிர்பச்சையில் ஒரு காய் கிடைக்கும். சுரைக்காயைப் போலவே கூட்டுக்கும் சாம்பாருக்கும் வரும், வேக ஐந்து நிமிடம் போதும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை உள்ளூர்த் தோட்டக் காய் வரும்போது தக்காளி வெள்ளரியில் விலை இறங்கும். இரண்டு அறைகள் சேர்ந்து துபாயின் அல் அவீர் மொத்தச் சந்தையில் பெட்டியாக வாங்கினால் மலிவு. தனி அறை ஒரு பெட்டித் தக்காளி வாங்கினால் கால் பங்கு அழுகும்.

மீனுக்குத் துபாயில் தேராவின் வாட்டர்ஃபிரன்ட் மார்க்கெட், ஷார்ஜாவில் ஜுபைல் சந்தை. வஞ்சரத்தை விட்டுவிட்டுச் சாளை, அயிலை, சூரை பாருங்கள். மீன் வெட்டக் கூலி தனி. ஆகவே சாளையை அறையிலேயே சுத்தம் செய்யுங்கள், பெரிய மீனுக்கு மட்டும் கூலி கொடுங்கள்.

உறைந்த கோழி பத்து கொண்ட அட்டைப்பெட்டியாக வாங்கினால் விலை குறைவு. ஆனால் அறை ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் பத்து கோழி அடங்காது, பக்கத்து அறையோடு பங்கு போடுங்கள். முந்தைய நாளே கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். பலர் குழாய்த் தண்ணீரில் போட்டு உருக்குகிறார்கள். கோடையில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கொதிப்பது போல வரும். உள்ளே ஐஸாக இருக்கும்போதே மேல்தோல் கெட ஆரம்பித்துவிடும். அவசரம் என்றால் உறையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு அரை மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கட்டடத்துக்குக் கீழே இருக்கும் பக்காலாவில் (சிறு மளிகைக் கடையில்) பற்று நோட்டு வைக்காதீர்கள். பால், குப்பூஸ், கொத்தமல்லி வாங்க அந்தக் கடை வேண்டும். ஆனால் கையில் காசு கொடுத்து வாங்குங்கள். பற்று நோட்டில் யார் எதை எழுதினார் என்பது மாதக் கடைசியில் யாருக்கும் தெரியாது.

மதியச் சாப்பாடு கெடாமல்

விடிகாலை 4 மணிக்குக் கட்டிய சாப்பாட்டை மதியம் பன்னிரண்டரைக்குத் திறக்கிறோம். இடையில் எட்டரை மணி நேரம், அதில் பாதி பஸ்ஸிலும் வெயிலிலும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமி பெருகும். கோடையில் ஒரு மணி நேரமே அதற்குப் போதும். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. நாற்றம் வரவில்லை என்பதை நம்பவும் கூடாது.

இதற்கு வழி இரண்டு. சூட்டைக் காக்கும் ஸ்டீல் ஹாட்கேஸ் முதல் வழி. கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றை விளிம்பு வரை நிரப்பி உடனே மூட வேண்டும். பாதி டப்பா காலியாக இருந்தால் சூடு நிற்காது. அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது. ஹாட்கேஸ் விலை, சாப்பாடு கெட்டு வெளியே வாங்கும் சில நாள் செலவுக்குச் சமம்.

ஹாட்கேஸ் இல்லையென்றால் தாங்கும் சாப்பாட்டைக் கட்டுங்கள். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், வத்தக்குழம்பு, சப்பாத்தியோடு நீர் வற்றிய பொரியல் ஆகியவை ஓரளவு நிற்கும். தேங்காய் சேர்ந்த எதுவும், பருப்பு, உருளை மசாலா, கீரை, தயிர் பிசைந்த சோறு ஆகியவற்றை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கட்டாதீர்கள். சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆற விட்டு டப்பாவில் போடுங்கள். ஆவியோடு மூடினால் மூடியில் நீர் கோத்துச் சீக்கிரம் புளிக்கும். குழம்பும் சோறும் தனித்தனி டப்பாவில். சைட் ஆபீஸில் ஃபிரிட்ஜ் இருந்தால் போர்மேனிடம் கேட்டு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் வைத்துவிடுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். கேம்ப் பக்கத்தில் இருந்தால் அந்த இடைவேளையில் அறைக்கு வந்து சாப்பிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

இரவில் மிஞ்சிய சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலை ஒருமுறை நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம். மறுபடி எடுத்து வைக்காதீர்கள்.

டீ, தண்ணீர், பானங்கள்

கஃபெட்டேரியா டீ ஒன்றரை திர்ஹாம் என்று வைத்தால், நாளைக்கு மூன்று, 26 வேலை நாளுக்கு 117 திர்ஹாம். மேலே கண்ட முழுச் சாப்பாட்டுச் செலவான 310ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். டீயை விடச் சொல்லவில்லை. ஒரு லிட்டர் பிளாஸ்க் கொண்டு போனால் இரண்டு பேருக்கு மூன்று முறை வரும். எனர்ஜி பானத்துக்கு 100 சதவீதமும் சோடா வகைக் குளிர்பானத்துக்கு 50 சதவீதமும் கலால் வரி 2017 அக்டோபரில் வந்தது; 2026 முதல் சோடா வகைக்கு அது சர்க்கரை அளவைப் பொறுத்தது. களைப்புக்கு எனர்ஜி பானம் குடிப்பவர் விலையில் ஏறக்குறைய பாதியை வரியாகக் கட்டுகிறார். அந்தச் சர்க்கரையும் காஃபீனும் வெயிலில் உடம்புக்கு நல்லதும் இல்லை.

வியர்வையில் போவது நீரும் உப்பும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு: இதுவே போதும். உப்பு கூடினால் ஆபத்து, அளந்து போடுங்கள். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். லபனில் (கடையில் கிடைக்கும் கெட்டி மோரில்) பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு உப்பு போட்டால் நீர்மோர்தான். ஆனால் அது அறையில் குடிக்க, சைட்டுக்கு எடுத்துப் போக அல்ல. குடிதண்ணீருக்கு 5 கேலன் பாட்டிலே மலிவு. அந்தப் பாட்டிலுக்குக் கட்டும் முன்பணத்தின் ரசீதை மெஸ் உறையில் பத்திரப்படுத்துங்கள், ரசீது இல்லாமல் அந்தப் பணம் திரும்பி வருவது கஷ்டம்.

ஊரிலிருந்து எதைக் கொண்டுவருவது

விமானத்தில் கொண்டுவரும் 30 கிலோவில் அரிசியும் பருப்பும் கட்டி வராதீர்கள், அவை இங்கேயே கிடைக்கின்றன. வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி, மிளகாய்த்தூள், வடகம், மோர் மிளகாய், பழம்புளி, கருவாடு: இவைதான் எடைக்கு ஏற்ற பொருள்கள். அறைக்கு ஆண்டுக்கு எத்தனை பேர் ஊருக்குப் போகிறார்கள் என்று பார்த்து, ஆளுக்கு இரண்டு கிலோ பொடி என்று பிரித்தால் மசாலாச் செலவு கிட்டத்தட்ட இல்லாமல் போகும். கருவாட்டையும் ஊறுகாயையும் இரண்டு பாலித்தீன் உறைக்குள் போட்டு டேப் ஒட்டுங்கள்.

கசகசாவை மட்டும் எந்த வடிவிலும் கொண்டுவரக் கூடாது. அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. சிறிதளவு இருந்தாலும் கைதாக நேரிடும். குருமாப் பொடியிலும் வீட்டில் அரைக்கும் கறி மசாலாவிலும் கசகசா சேர்ப்பது நம் ஊர் வழக்கம் என்பதால், பொடி அரைக்கும் முன்பே அம்மாவிடமோ மனைவியிடமோ போனில் சொல்லிவிடுங்கள். கடைப் பொட்டலமாக இருந்தால் பின்பக்கம் அச்சிட்ட சேர்மானப் பட்டியலைப் படித்த பிறகு பெட்டியில் வையுங்கள். அடுத்தவர் கொடுத்தனுப்பும் மசாலாப் பொட்டலத்துக்கும் இதே சோதனை வேண்டும். பிரித்துப் பார்க்க விடவில்லை என்றால் வாங்காதீர்கள்.